மூன்று முகம் கொண்ட பீடம்

பிரான்சின் கிழக்கு ஓரத்தில், அல்சாஸ் பகுதியில் இருக்கிறது கோல்மார் என்ற சிறு நகரம். அங்குள்ள உன்டர்லிண்டன் அருங்காட்சியகத்தின் பழைய ஆலயத்துக்குள் நுழைகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு பலகையின் முன்னாலேயே நின்றுவிடுகிறார்கள். ஏறத்தாழ 2.7 மீட்டர் உயரமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட சிலுவைக் காட்சி அது. இயேசுவின் உடல் பச்சை பாய்ந்து, முள் தைத்து, புண்பட்டுத் தொங்குகிறது. ஆணி அறைந்த கைகளின் விரல்கள் மேல்நோக்கி விறைத்து விரிந்திருக்கின்றன. வந்தவர்கள் படம் எடுக்கிறார்கள், பெருமூச்சு விடுகிறார்கள், மீதியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே போகிறார்கள். அந்தப் பலகையின் பின்பக்கத்தில் வேறு ஓவியங்கள் இருக்கின்றன. செய்வித்தவர்களுக்கு இந்தச் சிலுவைக் காட்சி ஒரு மூடி. திறப்பதற்காகவே வைத்த மூடி.

இசன்ஹைம் பீட ஓவியம் என்று உலகம் அறிந்த படைப்பு இது. மத்தியாஸ் க்ரூனவால்ட் 1512 முதல் 1516 வரை இதன் பலகைகளைத் தீட்டினார். மைக்கேலாஞ்சலோ ரோமில் சிஸ்டைன் ஆலயத்தின் விதானத்தை முடித்ததும் அதே 1512இல்தான். ஒரே காலத்தில், ஒரே மதத்துக்காக இரண்டு பேர் மனித உடலை இவ்வளவு வேறாகப் பார்த்திருக்கிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போவது நல்லது.

பீட ஓவியம் எதற்காக

கத்தோலிக்கத் தேவாலயத்தில் திருப்பலி நடக்கும் பீடத்துக்குப் பின்னால், அல்லது அதன்மேல் நிற்பதுதான் பீட ஓவியம். அந்தக் காலத்தில் குருவும் மக்களும் ஒரே திசை பார்த்து நின்றார்கள். குரு அப்பத்தை உயர்த்தும்போது எல்லோர் கண்ணும் போய்ச் சேரும் இடம் இந்தப் பலகைகள். வட ஐரோப்பாவில் இவற்றுக்குக் கதவுகள் வைப்பது வழக்கம். சாதாரண நாளில் கதவு மூடியிருக்கும். பெருவிழா வந்தால் திறக்கும். தவக்காலத்தின் கடைசி வாரங்களில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடி வைத்து, பாஸ்கா இரவில் விலக்கும் வழக்கத்தைத் தமிழ்நாட்டுக் கோயில்களில் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். கண்ணுக்குக் கிடைக்காத காலமும் வழிபாட்டின் ஒரு பகுதிதான்.

ஆகவே எந்தப் பீட ஓவியத்தின் முன் நின்றாலும் முதலில் கேட்க வேண்டியவை மூன்று. இது எந்த நாளுக்கான முகம்? இதன் முன் நின்றவர்கள் யார்? எவ்வளவு தூரத்தில், எவ்வளவு கீழே நின்றார்கள்? பாணி, பள்ளி, நிறக் கோட்பாடு எல்லாம் பிறகு வரட்டும்.

கிளம்பும் முன் ஒரு தாள்

இசன்ஹைம் பீடத்துக்கு மூன்று முகங்கள். நடுவில் சிற்பங்கள் நிற்கும் மரப்பேழை. அதை மூட ஒரு ஜோடிக் கதவு. அந்தக் கதவையும் மூட இன்னொரு ஜோடி. படித்தால் குழப்பும், மடித்தால் புரிந்துவிடும். ஒரு தாளை எடுத்து, இரு ஓரங்களும் நடுவில் சந்திக்கும்படி மடிக்க வேண்டும். வெளிப்பக்கம் சிலுவைக் காட்சி. திறந்தால் இடது கதவின் உட்பக்கம் மங்கள வார்த்தை அறிவிப்பு, வலது கதவின் உட்பக்கம் உயிர்ப்பு. நடுவே, அதேபோல் மடித்த இன்னொரு தாளை ஒட்டினால் அதன் வெளிப்பக்கம் வானதூதர்களின் இசையும் குழந்தை இயேசுவோடு அன்னை மரியாவும். அதையும் திறந்தால் இடப்பக்கம் இரண்டு வனத் துறவிகளின் சந்திப்பு, வலப்பக்கம் அந்தோனியாரைப் பேய்கள் வதைக்கும் காட்சி, நடுவில் சிற்பங்கள். எல்லாவற்றுக்கும் கீழே நீளவாக்கில் ஒரு அடிப்பலகை. அதில் இயேசுவின் உடலைக் கல்லறையில் வைக்கும் துயரம். இரு பக்கமும் அசையாமல் நிற்கும் இரண்டு ஒற்றைப் பலகைகளில் செபஸ்தியாரும் அந்தோனியாரும்.

இந்தத் தாளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். காரணம், அருங்காட்சியகத்தில் இன்று பீடம் ஒன்றாக நிற்பதில்லை. கதவுகளைக் கழற்றித் தனித்தனியாக, முன்னும் பின்னும் நடந்து பார்க்கும்படி வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். ஒரே நாளில் மூன்று முகங்களையும் பார்க்க முடிகிறது. 16ஆம் நூற்றாண்டில், பீடம் இருந்த மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிக்குக் கிடைக்காத வசதி. ஆனால் திறப்பு என்ற நிகழ்ச்சியே காணாமல் போய்விட்டது. சுவரில் வைத்திருக்கும் சிறு மாதிரிகள் கதவுகள் எப்படித் திறந்து மூடின என்று காட்டுகின்றன. அவற்றைத் தாண்டிப் போகாமல், முதல் ஐந்து நிமிடத்தை அவற்றுக்கே கொடுப்பது லாபம். ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலிருந்து ரயிலில் வந்தால் அரை மணி நேரத்தை ஒட்டிய பயணம்தான் என்பதால், காலையில் வந்து கூட்டம் சேரும் முன் ஒரு சுற்று, மதிய உணவுக்குப் பிறகு இன்னொரு சுற்று என்று பிரித்துக்கொள்ளலாம்.

முன்னால் நின்றவர்கள் யார்

பீடம் இருந்த இடம் கோல்மாருக்குத் தெற்கே உள்ள இசன்ஹைம் கிராமம். அங்கே புனித அந்தோனியார் சபைத் துறவிகளின் மடமும் மருத்துவமனையும் இருந்தன. இவர் பதுவையைச் சேர்ந்த, கையில் குழந்தை இயேசுவோடு நிற்கும் அந்தோனியார் அல்லர். எகிப்தின் பாலைவனத்தில் தவம் செய்த வனத்து அந்தோனியார். ஜனவரி 17 அவர் திருநாள். திண்டுக்கல் வட்டாரத்துச் சில ஊர்களில் அந்தத் திருவிழாவை ஒட்டி ஜல்லிக்கட்டு நடப்பதுண்டு. கால்நடைகளின் காவலராக இங்கே அறியப்பட்ட அவரை, ஐரோப்பா நெருப்பு நோயின் காவலராக அறிந்திருந்தது.

அந்தோனியார் நெருப்பு என்று மக்கள் அழைத்த அந்த நோயில் கை கால்கள் தீயில் இட்டதுபோல் எரியும். பிறகு கறுத்து, செத்து, விழுந்துவிடும். வலிப்பும் பிரமைகளும் சேர்ந்துகொள்ளும். ரை என்ற குளிர்நாட்டுத் தானியத்தில் வளரும் எர்காட் பூஞ்சைதான் காரணம். அது இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். ஈரமான வருடங்களில் பூஞ்சை பெருகும். ஏழைகளின் ரொட்டி ரையில் செய்தது என்பதால் நோயும் ஏழைகளையே தேடிப் போனது. தானியத்தின்மீது அறிஞர்களின் சந்தேகம் விழ 17ஆம் நூற்றாண்டு ஆயிற்று. கம்பும் சோளமும் பயிரிடும் நம்மூர் விவசாயிகளுக்குத் தேன் ஒழுகல் நோய் தெரியும். அதுவும் இதே இனத்துப் பூஞ்சையின் வேலைதான்.

துறவிகள் நல்ல ரொட்டி கொடுத்தார்கள், மூலிகைத் தைலம் தடவினார்கள், அந்தோனியாரின் திருப்பண்டத்தின்மேல் ஊற்றி எடுத்த திராட்சை இரசத்தைக் குடிக்க வைத்தார்கள். அழுகிய உறுப்பை வெட்டவும் செய்தார்கள். காரணம் தெரியாமலே ரையை நிறுத்தியதால் சிலர் பிழைத்திருக்க வேண்டும். புதிதாக வந்த நோயாளியை முதலில் இந்தப் பீடத்தின் முன் கொண்டுவந்தார்கள் என்பது ஆய்வாளர்கள் பலர் ஏற்ற கருத்து.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு சிலுவையில் தொங்கும் உடல் வேறாகத் தெரியும். அந்தப் புண்களைக் கொடூர ரசனை என்று ஒதுக்க முடியாது. படுக்கையில் கிடந்தவர் தன் தோலை அங்கே பார்த்தார்.

முதல் முகம்: மெதுவாக

முதலில் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நிற்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் சிலுவை பலகையின் சரிநடுவில் இல்லை என்பது தெரியும். சற்று வலப்பக்கம் தள்ளி நிற்கிறது. ஓவியர் கண் தவறவில்லை. இரண்டு கதவுகளும் சந்திக்கும் கோடு நடுவில் ஓடுகிறது. அது இயேசுவின் முகத்தையும் மார்பையும் பிளக்கக் கூடாது. ஆனால் கதவைத் திறக்கும்போது நீட்டிய ஒரு கை உடலிலிருந்து பிரியும். அடிப்பலகை பிரியும் இடத்தில், அங்கே கிடக்கும் இயேசுவின் கால்களும் பிரியும். உறுப்பு வெட்டப்படும் மருத்துவமனையில் இது தற்செயல் இல்லை என்று சில கலை வரலாற்றாளர்கள் வாதிடுகிறார்கள். நிரூபிக்க முடியாத வாதம். ஆனாலும் அந்தக் கோட்டை ஒருமுறை கண்ணால் பின்தொடர்ந்து பார்த்தவருக்கு அதை மறப்பது கடினம்.

அடுத்து அளவுகள். சிலுவை அடியில் மண்டியிட்டு அழும் மகதலா மரியா மற்றவர்களைவிடச் சிறியவர். இயேசுவோ எல்லோரையும்விடப் பெரியவர். தூரத்துப் பொருள் சிறிதாகத் தெரிய வேண்டும் என்ற மறுமலர்ச்சிக் கால விதி ஓவியருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். உள்முகத்தில் மங்கள வார்த்தைக் காட்சியின் ஆலய அறையைப் பார்த்தால் வளைவுகளும் தூண்களும் ஒழுங்காகப் பின்வாங்குகின்றன. அறைக்கு அந்த விதி பொருந்தியது. துக்கத்துக்குப் பொருந்தவில்லை, விட்டுவிட்டார்.

இடப்பக்கம் வெள்ளை உடையில் மயங்கிச் சாயும் மரியா, அவரைத் தாங்கும் சிவப்பு உடை யோவான். வலப்பக்கம் திருமுழுக்கு யோவான். அவர் அங்கே இருக்கவே முடியாது. இயேசு சிலுவையில் அறையப்படுவதற்கு முன்பே அவர் தலை வெட்டப்பட்டுவிட்டது. வரலாற்றுச் சாட்சியாக அவர் வரவில்லை, விளக்கம் சொல்ல வந்திருக்கிறார். ஒரு கையில் புத்தகம். மற்றக் கையின் சுட்டுவிரல் இயல்பை மீறி நீண்டு இயேசுவைக் காட்டுகிறது. அந்தக் கைக்கு அருகே இலத்தீன் எழுத்துகள். தம்மைத் தாழ்த்தி இயேசுவை உயர்த்தி அவர் சொல்வதாக யோவான் நற்செய்தியில் வரும் வாக்கியம் அது. காலடியில் சிலுவை ஏந்திய ஆட்டுக்குட்டி. அதன் இரத்தம் திருக்கிண்ணத்தில் விழுகிறது. பீடத்தில் குரு அதேபோன்ற கிண்ணத்தை உயர்த்தும்போது, பின்னால் இந்த ஓவியம் நின்றது. சட்டத்துக்குள் இருப்பதும் சட்டத்துக்கு முன்னால் நடப்பதும் ஒன்றையொன்று தொடும் இடம் இது. அருங்காட்சியகத்தில் பீடமேசை இல்லாததால் பார்வையாளர்தான் அதைக் கற்பனையில் போட்டுக்கொள்ள வேண்டும்.

பக்கப் பலகைகளில் அம்பு தைத்த செபஸ்தியார் கொள்ளைநோய்க்குக் காவலர். அந்தோனியாரின் கையில் அவருக்குரிய T வடிவச் சிலுவைக் கோல். அவருக்குப் பின்னால் சன்னலைக் கவனிக்காமல் போகிறவர்கள் அதிகம். ஒரு பேய் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே மூச்சு விடுகிறது. துறவியோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருவரும் தூண்பீடத்தின்மேல் சிலைகள்போல் நிற்கிறார்கள். மருத்துவமனை வாசலில் எந்தெந்த வியாதிக்கு மருந்து உண்டு என்று எழுதி வைத்த அறிவிப்புப் பலகை என்றே இந்த இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் முகம்: தோல்

இருட்டிலிருந்து திடீரென்று நிறத்துக்கு வருகிறோம். கிறிஸ்து பிறப்பு, பாஸ்கா போன்ற பெருவிழாக்களுக்கான முகம் இது. கோல்மாரில் இதைப் பார்க்கும்போது ஒரு சிறு பயிற்சி செய்யலாம்: ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு முகத்துக்கு முகம் தேடுவது. இங்கே மிகுந்த பலன் தருவது துணியும் தோலும்.

குழந்தை இயேசுவைச் சுற்றியிருக்கும் துணி கிழிந்த கந்தல். அதே கந்தலைத்தான் சிலுவையில் தொங்குகிறவர் இடுப்பில் கட்டியிருந்தார். பிறப்பையும் இறப்பையும் ஓவியர் ஒரு துணியால் முடிச்சுப் போட்டிருக்கிறார்; அதற்கு விளக்கவுரை எதுவும் எழுதவில்லை. அன்னையின் அருகே குளிக்க வைக்கும் மரத்தொட்டி, தொட்டில், சிறுநீர்ப் பானை. வானத்தில் தந்தையாம் கடவுள் ஒளியில் அமர்ந்திருக்க, தரையில் சிறுநீர்ப் பானை! இத்தாலிய ஓவியர் பலர் இதை வைக்கத் துணிந்திருக்க மாட்டார்கள். ஆனால் நோயாளிகள் தினமும் பார்த்த பொருட்கள் இவை. மரத்தொட்டியில்தான் அவர்களையும் குளிப்பாட்டியிருப்பார்கள்.

பிறகு வலக்கோடியில் உயிர்ப்பு. இங்கே சற்று நேரம் நிற்கலாம். கல்லறையிலிருந்து எழுந்த கிறிஸ்து காற்றில் மிதக்கிறார். மஞ்சளும் சிவப்புமான பெரிய ஒளிவட்டம் சூழ, முகத்தின் ஓரங்கள் ஒளியில் கரைகின்றன. கல்லறைத் துணி கீழே நீலம் பாய்ந்த வெண்மை, மேலே போகப் போக நெருப்பு நிறம். காவலர்கள் கவிழ்ந்து கிடக்கிறார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது உடல்: ஒரு புண் இல்லை. முள் இல்லை, பச்சை இல்லை. ஆணித் தழும்புகள் மட்டும் மிச்சம், அவையும் ஒளிர்கின்றன. அதே மனிதர், அதே கதவின் மறுபக்கம். சிலுவைக் காட்சியின் முன் மட்டும் நின்று படம் எடுத்துத் திரும்புகிறவர் நோயைப் பார்த்துவிட்டு வாக்குறுதியைப் பார்க்காமல் போகிறார். உயிர்ப்பைத் தனிப்படமாக அஞ்சலட்டையில் பார்க்கிறவருக்கு நேர்மாறான நட்டம். எதிலிருந்து அந்த உடல் மீண்டது என்று தெரியாததால் அது வெறும் ஒளி விளையாட்டாகத் தெரியும். இந்தப் பீடத்தில் ஒரு பலகையின் மதிப்பு இன்னொரு பலகையால்தான் அளக்கப்படுகிறது.

வானதூதர்களின் இசையில் பச்சை இறகு போர்த்திய ஒரு விசித்திர உருவம் யார் என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ரசிக்கிறவர் அந்தச் சண்டையில் இறங்க வேண்டியதில்லை.

மூன்றாம் முகம்: துறவிகளுக்கும் நோயாளிகளுக்கும்

உள்ளே இருக்கும் சிற்பங்கள் க்ரூனவால்டுக்கு முந்தியவை. ஹகெனாவ் நகரின் நிக்லாஸ் என்பவரின் வேலை, 1490 வாக்கில் செதுக்கியது. நடுவில் அரியணையில் அந்தோனியார், இருபுறமும் அகுஸ்தினாரும் எரோணிமுஸும். கீழே குனிந்து அந்தோனியாரின் காலடியைப் பார்த்தால் இரண்டு சிறு உருவங்கள் இருக்கும்: ஒருவர் சேவல் கொண்டுவந்திருக்கிறார், இன்னொருவர் பன்றிக்குட்டி. மடத்துக்கு வந்த காணிக்கைகளின் அடையாளம். அகுஸ்தினார் பக்கத்தில் மண்டியிட்டிருப்பவர் சிற்பங்களுக்கு ஏற்பாடு செய்த மடத்தலைவர் ழான் தோர்லியே.

ஓவியங்களுக்குப் பணம் கொடுத்தவர் அவருக்கு அடுத்துப் பொறுப்பேற்ற கீடோ குவெர்சி. அவருடைய குலச்சின்னம் இடப்பக்கப் பலகையில், அமர்ந்திருக்கும் அந்தோனியாரின் அருகே இருக்கிறது. எந்தப் பீட ஓவியத்திலும் இப்படிக் கொடையாளியைத் தேடிப் பிடிப்பது நல்ல பழக்கம். மண்டியிட்ட சிறு உருவம், கேடயம், பெயரின் முதலெழுத்து என்று ஏதாவது ஒரு மூலையில் அவர் ஒளிந்திருப்பார். புண்ணியத்துக்குச் செலவழித்தவர் பெயரை விட்டுவிடும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை.

இந்த இடப்பக்கப் பலகையில் அந்தோனியார் சந்திக்கும் முதியவர், ஓலைகளால் பின்னிய உடை அணிந்தவர், தமிழ்க் கத்தோலிக்கர்கள் வனத்துச் சின்னப்பர் என்று வணங்கும் துறவி. மேலே காகம் ரொட்டி கொண்டுவருகிறது. அவர்கள் காலடியில் வளர்ந்திருக்கும் செடிகள் அலங்காரத்துக்கு வந்தவை இல்லை. துறவிகளின் மருத்துவத்தில் பயன்பட்ட மூலிகைகளைத் தாவரவியலார் அவற்றில் அடையாளம் கண்டிருக்கிறார்கள். மருந்துப் பட்டியல் தரையிலேயே முளைத்திருக்கிறது.

வலப்பக்கம் பேய்கள். பறவை மூக்கு, மீன் வாய், கொம்பு, செதில் என்று ஒரு கும்பல் முதியவரின் முடியைப் பிடித்து இழுக்கிறது. கண் அந்தக் களேபரத்திலேயே சுற்றும். அதை வலுக்கட்டாயமாக இடது கீழ் மூலைக்குத் திருப்ப வேண்டும். அங்கே ஒருவர் கிடக்கிறார். வயிறு ஊதி, தோலெல்லாம் கொப்புளமாகி, பாதங்கள் நீர்ப்பறவைக் கால்போல் ஆகிவிட்ட உருவம். பேயா, நோயாளியா என்று சொல்ல முடியாதபடி தீட்டியிருக்கிறார் க்ரூனவால்ட். அந்தோனியார் நெருப்பைப் பற்றி இதைவிடக் கண்கூடான ஆவணம் குறைவு. எதிர் மூலையில் ஒரு காகிதத் துண்டு. உதவிக்கு வரத் தாமதித்த இயேசுவிடம், அப்போது எங்கே இருந்தீர் என்ற பொருளில் அந்தோனியார் வைக்கும் முறையீடு அதில் எழுதியிருக்கிறது. மருத்துவமனையில் இதைப் பகிரங்கமாக எழுதி வைக்கத் துணிந்த மடத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

மரத்தையும் பார்க்க வேண்டும்

ஓவியத்தை முடித்த பிறகு பலகையைப் பார்க்கலாம். இத்தாலியில் பெரும்பாலும் பாப்லர், பிளாண்டர்ஸ் நாட்டில் ஓக், ரைன் ஆற்றுப் பகுதியில் லிண்டன். கையில் கிடைத்த மரம்தான் பலகை. இசன்ஹைம் பீடம் லிண்டன். பல பலகைகளைப் பசையால் இணைத்து, இழைத்து, சுண்ணப் பொடியும் விலங்குப் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சைப் பல அடுக்காகப் பூசி, தேய்த்து வழவழப்பாக்கிய பிறகுதான் நிறம் வரும். பக்கவாட்டில் நின்று, விளக்கொளி சாய்வாக விழும்படி பார்த்தால் பலகை இணைந்த கோடுகளும் மரத்தின் நரம்பு வாக்கில் ஓடும் நுண்ணிய வெடிப்புகளும் தெரியும். மரம் ஈரத்துக்கு விரியும், வறட்சிக்குச் சுருங்கும். மேலே இருக்கும் பூச்சு அப்படி வளையாது. வெடிப்பு அதனால் வருவது.

இன்று காணும் நிறங்களின் தெளிவுக்கு ஒரு காரணம் உண்டு. தடித்து மஞ்சளித்துப் போன வார்னிஷ் அடுக்குகளை மெல்லக் குறைக்கும் பெரிய மறுசீரமைப்பு 2018இல் தொடங்கி 2022இல் முடிந்தது. பழைய புத்தகங்களில் அச்சான படங்கள் பழுப்பேறியிருப்பது அந்த வார்னிஷால்தான். ஒப்பிடப் புத்தகம் வாங்குகிறவர்கள் 2022க்குப் பிந்திய பதிப்பாகப் பார்த்து வாங்கலாம்.

இல்லாததையும் கணக்கில் எடுக்க வேண்டும். பீடத்தின் உச்சியில் இருந்த மரச்செதுக்கு மகுடம் போய்விட்டது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793இல், பலகைகள் கோல்மாருக்கு வந்தன. 1853இல் திறந்த இந்த அருங்காட்சியகம் அவற்றுக்கு நிலையான வீடானது. முதல் உலகப் போரின்போது பீடம் 1917இல் மியூனிக்குக்குப் போய், 1919இல் திரும்பியது. ஓவியரின் பெயரே ஒரு காலத்தில் தொலைந்திருந்தது. அவர் 1528இல் இறந்தார். மத்தீஸ் கோத்தார்ட் நித்தார்ட் என்று ஆவணங்கள் சொல்லும் அந்த மனிதருக்கு, 1675இல் வாழ்க்கை வரலாறு எழுதிய சாண்ட்ரார்ட் வைத்த பெயர்தான் க்ரூனவால்ட். இடையில் இந்தப் பீடத்தை டியூரர் வரைந்தது என்றுகூட நம்பினார்கள்.

வேறு ஊர்களில் இதே முறை

பெல்ஜியத்தின் கெண்ட் நகரில், புனித பாவோ பேராலயத்தில் இருக்கிறது வான் எய்க் சகோதரர்களின் பீட ஓவியம், 1432இல் முடிந்தது. இங்கே கேட்க வேண்டிய கேள்வி வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது. ஓவியத்துக்குள் ஒளி வலப்பக்கமிருந்து விழுகிறது. அதை நிறுத்த வேண்டிய சிற்றாலயத்தின் சன்னலும் வலப்பக்கம்தான். மூடிய முகத்தில் மங்கள வார்த்தைக் காட்சியைத் தேடினால், மரியாவின் பதில் எழுத்துகள் தலைகீழாக எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். மேலிருந்து படிக்கும் கடவுளுக்காக. 1934இல் நீதிமான்களான நடுவர்கள் என்ற பலகை திருடு போனது. இன்றுவரை கிடைக்கவில்லை, அங்கே நிற்பது நகல். போக முடியாதவர்களுக்குக் ‘குளோசர் டு வான் எய்க்’ என்ற இணையதளத்தில் ஒவ்வொரு பலகையையும் மயிரிழை அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி இலவசமாக இருக்கிறது. உண்மையில் பேராலயக் கூட்டத்தில் நிற்பதைவிட இதில் அதிகம் தெரியும்.

இத்தாலியப் பீடங்களுக்கு வேறு சிக்கல். பெரும்பாலானவை துண்டாகி உலகெங்கும் சிதறிவிட்டன. மசாச்சோ 1426இல் பீசா நகருக்குத் தீட்டிய பீடத்தின் பலகைகள் இன்று லண்டன், நேப்பிள்ஸ், பீசா, பெர்லின், லாஸ் ஏஞ்சல்ஸ் ஆகிய ஊர்களில் இருக்கின்றன. நேப்பிள்ஸில் உள்ள சிலுவைக் காட்சியில் இயேசுவுக்குக் கழுத்தே இல்லாததுபோல் தெரியும். பலர் அதை ஓவியரின் பிழை என்று நினைக்கிறார்கள். அது பீடத்தின் உச்சியில் இருந்த பலகை. கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறவருக்கு, முன்னால் தொங்கும் தலை கழுத்தை மறைத்துவிடும். கண்மட்டத்தில் மாட்டியிருந்தால், அதன் முன் சற்றுக் குனிந்து, மேல்நோக்கிப் பார்த்துவிட வேண்டும். அருங்காட்சியகக் காவலர்கள் இதற்கெல்லாம் பழகியவர்கள்தான். பொன்பூச்சுப் பின்னணியோடு தனியாகத் தொங்கும் சிறு புனிதர் படத்தைக் கண்டால், அதன் உடன்பிறந்தவை எங்கே இருக்கின்றன என்று விளக்கக் குறிப்பில் தேடலாம். பெரும்பாலும் இருக்கும்.

கோல்மாரிலேயே இன்னொரு சோதனை

அருங்காட்சியகத்தை விட்டுக் கிளம்பும் முன், அதே கூரையின் கீழ் மார்ட்டின் ஷோன்காவரின் ஓர்லியே பீட ஓவியத்தைப் பார்க்கலாம். சிற்பங்களுக்கு ஏற்பாடு செய்த அதே மடத்தலைவர் இசன்ஹைம் மடத்துக்காக முன்னதாகச் செய்வித்தது அது. ஒரே மடம், ஒரு தலைமுறை இடைவெளி. ஷோன்காவரின் அமைதியான மரியாவைப் பார்த்துவிட்டு வந்தால்தான் க்ரூனவால்ட் எவ்வளவு தூரம் தாண்டினார் என்று தெரியும்.

பிறகு சில நிமிட நடைதூரத்தில் உள்ள தொமினிக்கன் ஆலயம். அங்கே ஷோன்காவர் 1473இல் தீட்டிய ரோஜாத் தோட்டத்து மரியா இருக்கிறார். இதுவும் மரப்பலகைதான். 1972இல் திருடு போய் மறு ஆண்டு மீட்கப்பட்டது. இதன் ஓரங்களைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ரோஜாக் கொடிகள் சட்டத்தில் முட்டி நிற்கும். மூச்சுவிட இடமில்லாமல் நெருக்கமாக இருக்கும். காரணம், பிற்காலத்தில் பலகையின் ஓரங்களை அறுத்துவிட்டார்கள். அறுபடுவதற்கு முன் அது எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவுக்குப் போக வேண்டும்: பாஸ்டன் நகரின் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் இதன் பழைய சிறு நகல் ஒன்று இருக்கிறது. அதில் தோட்டம் முழுதாக இருக்கிறது.